14 வாரம் வேலிக்குள்ளே வளர்ந்த நாய்க்குட்டிகள்

1/ "பாசமாத்தான் வளர்த்தோம் டாக்டர், ஆனா யார் வந்தாலும் பாயுது." வீட்டு நாய் கடிச்சு வர்றவங்க அடிக்கடி சொல்றது இது. பாசம் குறைஞ்சதால இல்லீங்க, பல நேரம் பழக்கம் பிந்தினதால. இதுக்குப் பின்னால ஒரு வரலாறு இருக்கு. சின்ன த்ரெட்.

2/ 1940களின் நடுவில், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் ஊர். அங்குள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட் நாய்களின் நடத்தையை ஆராயத் தொடங்கினார். பிறகு ஜான் ஃபுல்லரும் சேர்ந்தார். குணம் ரத்தத்திலா, வளர்ப்பிலா? இதுதான் கேள்வி.

3/ அங்கே நடந்த ஒரு சோதனை 1961இல் சயின்ஸ் இதழில் வெளிவந்தது. ஃப்ரீட்மன், கிங், எலியட் மூவரும் செய்தது. உயரமான வேலி போட்ட வெளியில் பீகிள், காக்கர் ஸ்பேனியல் குட்டிகள் தாயோடு வளர்ந்தன. சாப்பாடு வேலி வழியாகத்தான் போகும். மனுஷ வாசமே கிடையாது.

4/ சில குட்டிகளை 2, 3, 5, 7, 9 வார வயதில் எடுத்து, ஒரே ஒரு வாரம் மனிதரோடு பழகவிட்டு, திரும்ப வேலிக்குள் விட்டார்கள். சில குட்டிகளை 14 வாரம் வரை தொடவே இல்லை.

5/ முடிவு? 3 வாரக் குட்டி உடனே ஓடி வந்தது. 7 வாரக் குட்டி கொஞ்சம் தயங்கி, அப்புறம் ஒட்டிக்கிச்சு. 14 வாரம் மனிதரையே பாக்காத குட்டிகள் காட்டு விலங்கு மாதிரி பயந்து ஒதுங்கின. பின்னாடி எவ்வளவு கொஞ்சினாலும் பெரிய மாற்றம் இல்லை.

6/ ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் எல்லாத்தையும் புத்தகமாக்கினார்கள். இனத்துக்கு இனம் குணம் மாறும், உண்மை. ஆனா எந்த இனமா இருந்தாலும் சுமார் 3 முதல் 12 வாரம் வரை ஒரு ஜன்னல் திறந்திருக்கும்.

7/ மாறுகண் குழந்தைக்குச் சின்ன வயசுலயே வைத்தியம் பண்ணணும்னு நாங்க அவசரப்படுத்துறது ஏன்? மூளைக்கு அந்தந்த வயசுல ஒரு ஜன்னல் உண்டு. அதே கதைதான்.

8/ 1978இல் பார்வோ வைரஸ் உலகெங்கும் பரவி குட்டிகளைக் கொன்றது. "தடுப்பூசி முடியற வரை வெளியே விடாதீங்க" என்ற எச்சரிக்கை நியாயமானதே. ஆனா தடுப்பூசி வரிசை முடிய 16 வாரம் ஆகும். அதுக்குள்ள ஜன்னல் மூடிடும்!

9/ 2008இல் அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் நடுவழி சொன்னது: முதல் தடுப்பூசி போட்டு 7 நாள் கழித்து, 7-8 வார வயதிலேயே பழக்கலாம். 3 வயதுக்குட்பட்ட நாய்களின் சாவுக்கு முதல் காரணம் தொற்றுநோய் அல்ல, நடத்தைக் கோளாறுதான் என்றும் சொன்னது. கடிக்கிற நாயைக் கைவிடுறாங்க, கருணைக்கொலை செய்றாங்க.

10/ நாம செய்ய வேண்டியது: தடுப்பூசி முடியும் வரை தெருமண்ணில் விடாதீங்க, தூக்கிட்டுப் போங்க. ஹெல்மெட் போட்டவர், குடை பிடிச்சவர், சின்னப் பிள்ளைங்க, ஆட்டோ சத்தம் எல்லாம் தூரத்திலிருந்து பாக்கட்டும். பயந்தா கட்டாயப்படுத்தாதீங்க, விலகி வந்துடுங்க. தைரியமா இருந்தா ஒரு துண்டு தின்பண்டம்.

11/ உறுமுற நாயை அடிக்காதீங்க. உறுமல் நின்னுடும், பயம் நிக்காது. அடுத்த தடவை எச்சரிக்கையே இல்லாம கடிக்கும். வளர்ந்த நாய்க்கும் முன்னேற்றம் உண்டு, பொறுமை வேணும். கால்நடை மருத்துவரைப் பாருங்க.

12/ கடைசியா, டாக்டரா ஒரு வார்த்தை. வளர்ப்பு நாய் கடிச்சாலும் கடிதான். சோப்பு போட்டு ஓடும் தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க. ரேபிஸ் வந்துட்டா காப்பாத்துறது கிட்டத்தட்ட முடியாத காரியம்.

புதுசா குட்டி வாங்கினவங்க யாராவது இருந்தா பகிருங்க. அவங்களுக்கு நேரம் கம்மி.