தோட்டப் பள்ளியும் வாத்தியாரும்

பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருப்பின் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வாத்தியாருக்கு எங்கே போவது? கிள்ளான் வட்டாரப் பால்மரத் தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கிராணியோ கங்காணியோ அப்பணியை ஏற்றார். பயிற்சியில்லை, ஓரறையில் எல்லா வகுப்பும் ஒருவர்க்கே. ஊருக்குக் கடிதம் எழுதித் தருவதும் அவரே. அவரைக் குறைத்து மதிப்பிட நமக்கு மனமில்லை.

1957இல் 888 தமிழ்ப்பள்ளிகள். இன்று 500க்குச் சற்று மேல். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது பல மறைந்தன. புக்கிட் ராஜாவில் தோட்ட நிலத்தில் புதுநகர் எழுந்த பின்னும், பள்ளியின் பெயரில் 'தோட்டம்' நிற்கிறது. பழைய வாத்தியார்களின் பெயர்களோ பெரும்பாலும் முன்னாள் மாணவர் நாவிலேயே உள்ளன. அவர்களும் எண்பதைக் கடந்துவிட்டனர்.