பார்க்கிறவன் பக்கம்

இஸ்லாத்தில் நாணம் என்று பேச்செடுத்தால் அடுத்த வாக்கியத்திலேயே அது பர்தாவுக்குப் போய்விடுகிறது. இதில் ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் வித்தியாசம் கிடையாது. துணியின் நீளம் என்ன, நிறம் என்ன, முகத்தை மூட வேண்டுமா கூடாதா என்பதுதான் விஷயம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே சண்டை தொடங்குகிறது. சரித்திரத்தில் இது துணியிலிருந்து தொடங்கவில்லை. கண்ணிலிருந்து, அதிலும் ஆணின் கண்ணிலிருந்து தொடங்கியது. அங்கிருந்து துணிக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பார்க்கலாம்.

குர்ஆனின் 24ஆவது அத்தியாயமான 'அந்நூர்' மதீனாவில் அருளப்பட்டது. அதன் பின்னணியில் ஒரு வதந்தி இருக்கிறது. படையெடுப்பு ஒன்றிலிருந்து திரும்பும் வழியில், நபிகளின் மனைவி ஆயிஷா தொலைந்துபோன கழுத்துமாலையைத் தேடப் போய்ப் பின்தங்கிவிட்டார். படைக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒருவர் தம் ஒட்டகத்தில் அவரை ஏற்றி, தாம் நடந்து, கொண்டுவந்து சேர்த்தார். ஊர் இதை ஒரு மாத காலம் பேசியது. அத்தியாயத்தின் முற்பகுதி இந்தப் பேச்சுக்கு எதிரானது. ஒழுக்கமுள்ள பெண்மேல் பழி சொல்கிறவன் 4 சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். முடியாவிட்டால் அவனுக்கு 80 கசையடி. அடுத்து, பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்காமல் நுழையக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் போய்விட வேண்டும் என்ற விதிகள். இதற்கெல்லாம் பிறகு 30ஆவது வசனத்தில், ஆண்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும் என்ற கட்டளை. 31இல் அதே கட்டளை பெண்களுக்கு. முக்காடு பற்றிய குறிப்பு அதற்குள்தான் வருகிறது.

பழிச்சொல், வாசல், ஆணின் கண், பெண்ணின் கண், முக்காடு என்ற இந்த வரிசையைத் தற்செயலாக எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வாசலுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவை ஹதீஸ் தொகுப்புகளில் வரும் ஒரு சம்பவம் காட்டுகிறது. நபிகளின் வீட்டுக் கதவிலிருந்த துவாரத்தின் வழியே ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். அவர் தலை கோதும் சீப்பைக் கையில் வைத்திருந்தார். நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனாலேயே உன் கண்ணில் குத்தியிருப்பேன் என்றார். அனுமதி கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதே பார்வையின் பொருட்டுத்தான் என்பது அவர் சொன்ன காரணம். அதாவது, காலுக்கு முன்னால் கண் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறது. பார்ப்பது ஒரு செயல். அதற்கு விளைவு உண்டு, பொறுப்பும் உண்டு.

வசனத்தில் வரும் அரபு வினைச்சொல்லுக்குக் கண்ணை மூடுவது என்று பொருள் இல்லை. குறைப்பது, தணிப்பது என்று பொருள். 31ஆவது அத்தியாயத்தில் லுக்மான் தன் மகனுக்குக் குரலைத் தணித்துக்கொள்ளச் சொல்லும்போதும் இதே வினைதான். குரலைத் தணிக்கிறவன் ஊமையாகிவிடுவதில்லை. 1144இல் காலமான ஸமக்ஷரீ, குர்ஆன் விரிவுரையாளர்களில் இலக்கண நுட்பம் மிகுந்தவர். இந்த வசனத்தில் பார்வையோடு 'மின்' என்ற சிறு இடைச்சொல் சேர்ந்திருப்பதையும், கற்பைக் காப்பது பற்றிய அடுத்த சொற்களில் அது இல்லாததையும் அவர் கவனிக்கிறார். 'மின்' பகுதியைக் குறிப்பது. பார்வை முழுவதையும் அல்ல, அதில் ஒரு பகுதியை. பார்வையின் விஷயத்தில் சட்டம் விசாலமானது என்று அதற்கு அவர் விளக்கம் தருகிறார். எந்தப் பகுதி என்பதைப் பார்க்கிறவன்தான் ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

632இல், நபிகளின் இறுதி ஹஜ்ஜின்போது நடந்தது இது. அவருடைய ஒட்டகத்தில் பின்னால் அமர்ந்திருந்தவர் அவருடைய சிறிய தந்தையின் மகன் ஃபள்ல், இளைஞர். கஸ்அம் கோத்திரத்துப் பெண்ணொருத்தி சந்தேகம் கேட்க வருகிறாள். தகப்பனார் தள்ளாத வயதினர், வாகனத்தில் நிலையாக உட்கார முடியாதவர், அவருக்காக நான் ஹஜ் செய்யலாமா என்பது கேள்வி. செய்யலாம் என்பது பதில். இதற்கிடையில் ஃபள்ல் அவளைப் பார்க்கிறார், அவளும் அவரைப் பார்க்கிறாள். நபிகள் கையால் ஃபள்லின் முகத்தை மறுபுறம் திருப்பிவிடுகிறார். உங்கள் தம்பியின் கழுத்தை ஏன் திருப்பினீர்கள் என்று ஃபள்லின் தந்தை அப்பாஸ் கேட்டதாக ஓர் அறிவிப்பு உண்டு. ஒரு வாலிபனையும் ஒரு யுவதியையும் கண்டேன், ஷைத்தானிடமிருந்து அவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பதாக எனக்குப் படவில்லை என்று பதில் வந்தது.

இந்தச் சம்பவத்தைச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகள் விவாதித்தார்கள். ஸ்பெயினில் வாழ்ந்த இப்னு ஹஸ்ம் (994–1064), முகம் மறைக்க வேண்டியதாக இருந்தால் அப்போதே அவளிடம் மறைக்கச் சொல்லியிருப்பார் என்று வாதிட்டார். அவள் இஹ்ராமில் இருந்தாள், அந்த நிலையில் முகத்திரை அணியக் கூடாது என்பதே விதி, ஆகவே இதை வைத்து எதுவும் நிறுவ முடியாது என்றார்கள் மற்றவர்கள். இரண்டு வாதமும் அவளுடைய முகத்தைப் பற்றியவை. திருப்பப்பட்ட முகம் ஃபள்லுடையது என்பது விவாதத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது. துணிக்கு நகரும் இயக்கம் இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆனாலும் ஓரிடத்தில் பழைய திசை வெகுகாலம் நிலைத்திருந்தது. அது கட்டடச் சட்டம். எகிப்தைப் பிடித்த அரபிகள் நைல் கரையில் ஃபுஸ்தாத் என்ற நகரை நிறுவினார்கள். அங்கே முதன்முதலாக மாடி கட்டியவர் காரிஜா இப்னு ஹுதாஃபா. செய்தி மதீனாவுக்கு எட்டியதும் கலீஃபா உமர், அண்டை வீட்டாரின் அந்தரங்கத்தைப் பார்க்கக் கட்டியது அது, இடித்துவிடுங்கள் என்று ஆளுநர் அம்ருக்குக் கடிதம் எழுதினார். மாலிக்கி சட்ட நூல்களில் உமரின் பெயரால் இதைவிட நிதானமான ஒரு தீர்ப்பு வருகிறது. புதிதாகத் திறந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கட்டிலைப் போட்டு, அதன்மேல் ஓர் ஆளை நிற்க வைக்க வேண்டும். அண்டை வீட்டின் உட்புறம் அவனுக்குத் தெரிந்தால் ஜன்னலை அடைக்க வேண்டும், தெரியாவிட்டால் இருக்கலாம். பின்னால் வட ஆப்பிரிக்க நகரங்களில் எதிரெதிரே வாசல் வைப்பதைத் தவிர்க்கும் வழக்கம், ஜன்னலின் உயரம் பற்றிய வழக்குகள் எல்லாம் இந்த மரபில் வந்தவை. சந்தை அதிகாரிகளுக்கான 12ஆம் நூற்றாண்டுக் கையேடு, மினாராவில் ஏறும் மோதினார் சுற்றியுள்ள வீடுகளுக்குள் பார்வையை ஓட்டக் கூடாது என்று அவரையும் கட்டுப்படுத்துகிறது. இங்கே சட்டம் கேட்கும் கேள்வி, யார் பார்க்கக்கூடிய இடத்தில் நிற்கிறான் என்பது. பார்க்கப்படுகிறவள் முற்றத்தில் எப்படி இருக்கிறாள் என்பதை அது விசாரிப்பதில்லை.

நாணத்தைக் குறிக்கும் 'ஹயா' என்ற சொல்லும் இதற்குத் துணை நிற்கிறது. வாழ்வைக் குறிக்கும் 'ஹயாத்' என்ற சொல்லின் வேரிலேயே அதுவும் கிளைக்கிறது. தமிழில் நாணம் என்றதும் கால் விரலால் தரையைக் கீறும் பெண் ஒருத்தி நினைவில் வந்து நிற்கிறாள். ஹதீஸ்களில் ஹயாவுக்கு உதாரணமாக வருபவர்கள் நபிகளும் மூன்றாம் கலீஃபா உஸ்மானும். கன்னிப் பெண்ணைக் காட்டிலும் கூச்சம் மிகுந்தவர் என்று நபிகளைப் பற்றி அவருடைய தோழர்கள் சொன்னார்கள். ஓர் ஆணைப் பற்றி, ஒரு படைத் தலைவரைப் பற்றி, இது புகழ்ச்சியாகச் சொல்லப்பட்டது.

இந்தச் சித்திரத்தை இப்படியே விட்டுவிட்டால் பிரசாரமாகிவிடும். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பெரும்பாலான சட்ட அறிஞர்கள், அடிமைப் பெண் தலையை மூட வேண்டியதில்லை என்று விதித்தார்கள். முக்காடிட்ட ஓர் அடிமைப் பெண்ணைப் பார்த்து, சுதந்திரமான பெண்ணைப் போல வேஷம் போடாதே என்று உமர் கடிந்துகொண்டதாக அறிவிப்பு உண்டு. மாடியை இடிக்கச் சொன்ன அதே உமர்தான். பாக்தாதின் கிறிஸ்தவ வைத்தியர் இப்னு புத்லான் (இறப்பு 1066), அடிமைகளை வாங்குகிறவன் எதையெதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதிவைத்தார். சந்தையில் விலை பேசுகிறவன் கண்ணைத் தாழ்த்துவதில்லை. ஆக, முக்காடு நாணத்தின் அடையாளமாக இருந்ததைவிட அந்தஸ்தின் அடையாளமாக இருந்த காலம் நீண்டது. கட்டளை ஆணின் கண்ணுக்கு இடப்பட்டதென்றால், அந்தக் கண் யாரைப் பார்த்தாலும் அது செல்ல வேண்டும். அது துணிக்கு நகர்ந்த உடனே, துணி இல்லாதவளைப் பார்க்கலாம் என்றாகிவிடுகிறது. இந்தப் பாகுபாட்டை இப்னு ஹஸ்ம் ஏற்க மறுத்தார். மதமும் ஒன்று, மனித இயற்கையும் ஒன்று, இருவருக்கும் ஒரே விதி என்பது அவர் கட்சி. அந்தக் கட்சிக்கு அதிகம் பேர் சேரவில்லை.

ஏன் நகர்ந்தது? காரணம் எளிமையானது என்று படுகிறது. துணியை அளக்கலாம், பார்வையை அளக்க முடியாது. ஜன்னலைக்கூடக் கட்டில் போட்டு அளக்க முடிந்தது. கண்ணுக்குப் பின்னால் எந்தக் கட்டிலைப் போடுவது? தன்னால் பார்க்க முடிவதைத்தான் அதிகாரம் தண்டிக்கும். பார்க்கப்படுகிறவள் தெருவில் எல்லார் கண்ணிலும் படுகிறாள், பார்க்கிறவன் கூட்டத்தில் ஒருவனாக மறைந்துகொள்கிறான்.

கெய்ரோவின் நீதிபதி காசிம் அமீன் 1899இல் 'பெண்ணின் விடுதலை' என்ற அரபு நூலை வெளியிட்டபோது இந்த இடத்தைத்தான் தொட்டார். சபலத்துக்குப் பயந்தே முகத்திரை என்றால், பெண்களும் சபலப்படுவார்களே, ஆண்களுக்கு ஏன் முகத்திரை இல்லை என்று கேட்டார். அந்தக் கேள்வி கேலியாகத் தொனித்தாலும் பார்க்கிறவனை மறுபடியும் வழக்கில் சேர்த்தது. நூலுக்கு மறுப்புகள் ஏராளமாக வந்தன. அவற்றுக்குப் பின் வந்த நூற்றாண்டும் துணியைத்தான் பற்றிக்கொண்டது. ஈரானில் 1936 ஜனவரியில் ரேஸா ஷா பர்தாவைத் தடை செய்தபோது, போலீஸ்காரர்கள் தெருவில் பெண்களின் தலைத்துணியைப் பிடுங்கினார்கள். வெளியே வர மனமில்லாமல் வீட்டோடு முடங்கிய பெண்கள் பலர். 1979 புரட்சிக்குப் பிறகு, 1983இல், அதே நாட்டில் தலையை மூடாமல் வெளியே வரும் பெண்ணுக்கு 74 கசையடி வரை சட்டமாயிற்று. 2022 செப்டம்பரில் மஹ்ஸா அமீனி என்ற 22 வயதுப் பெண், உடை விதியை மீறியதாகப் பிடிக்கப்பட்டுக் காவலில் இருந்தபோது இறந்தார். பிடுங்கிய அரசும் திணித்த அரசும் எதிரெதிர் கொள்கை கொண்டவை. பெண்ணை நடுத்தெருவில் நிறுத்தித் தலையிலிருந்து கால்வரை உற்றுப் பார்ப்பதை உத்தியோகமாக்கியதில் இரண்டும் ஒன்று. தாழ்த்தச் சொன்ன கண்ணுக்குச் சீருடை மாட்டிவிட்டார்கள்.

நவீன இலக்கியம் படிக்கிற நாமும் கண்ணைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள். கூசாமல் பார்ப்பதுதான் நேர்மை என்று பழகியிருக்கிறோம். பார்வை குற்றமற்றது, பார்க்கப்படும் உலகம்தான் மோசம் என்பது நம் எழுத்தின் மறைமுகமான அனுமானம். பார்ப்பதும் ஒரு செயல் என்று சொல்லும் இந்தப் பழைய சட்டம் அதனால்தான் எனக்கு நெருக்கமாகவும் சங்கடமாகவும் இருக்கிறது.

அந்தச் சட்டத்தில் விதிவிலக்குகள் உண்டு. வைத்தியர் பார்க்கலாம், பெண் கேட்க வந்தவன் பார்க்கலாம், நீதிபதி பார்க்கலாம். சாட்சி சொல்கிறவனும் கொடுக்கல் வாங்கல் செய்கிறவனும், இன்னாரென்று அடையாளம் தெரிவதற்காக, தேவையான அளவு முகத்தைப் பார்க்கலாம். நான் பாங்கில் கவுண்டரில் உட்காருபவன். புகைப்படத்தையும் முகத்தையும் ஒப்பிடுவது என் வேலை, ஆகவே விதிவிலக்கில் வருகிறவன். சென்ற வருஷம் கணக்குத் தொடங்க வந்த ஒரு பெண் முகத்திரையை விலக்கிக் காட்டினார். கூட வந்திருந்த பெரியவர், தகப்பனாராக இருக்க வேண்டும், அந்த நேரத்தில் என்னைப் பார்க்கவில்லை. கவுண்டர் மேல் நூலில் கட்டியிருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எவ்வளவு நேரம் பார்க்கிறேன் என்று காவல் காப்பது அவருக்குக் கௌரவமாகப் படவில்லை போலும். என்னைக் கூச வைத்தது அதுதான். ஒப்பிட்டு முடித்த பிறகும் ஒரு விநாடி என் கண் அங்கே நின்றிருந்தது.

910இல் பாக்தாதில் காலமான சூஃபி ஜுனைதிடம், பார்வையைத் தாழ்த்துவதற்கு எது உதவும் என்று கேட்டார்களாம். நீ பார்ப்பதற்கு முன்பே உன்மேல் ஒரு பார்வை விழுந்துவிட்டது என்று தெரிந்திருப்பது என்றாராம். அவர் சொன்னது கடவுளின் பார்வையை. எனக்கு அந்தப் பெரியவர் பார்க்காமல் இருந்ததே போதுமானதாக இருந்தது. அந்த ஒரு விநாடி எந்த லெட்ஜரிலும் ஏறாது. அதற்குப் போலீஸ் வைக்க முடியாது, வைத்தால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். அதைக் கணக்கில் எழுத வேண்டியவன் பார்த்தவன்தான்.