தீர்ப்பே இல்லாமல் 54 வருஷம்

1/ "கொலை பண்ணிட்டு மெண்டல்னு ஒரு சர்டிஃபிகேட் வாங்கிட்டா போதும், தப்பிச்சிடலாம்." பரபரப்பான கேஸ் எது வந்தாலும் இந்தக் கமெண்ட் கண்ணில் படும். சினிமாவும் அப்படித்தான் காட்டுது. ஆனா வரலாறு வேற கதை சொல்லுது. கொஞ்சம் நீளமான த்ரெட், பொறுமையா படிங்க.

2/ லண்டன், 1843 ஜனவரி 20. கிளாஸ்கோவைச் சேர்ந்த மரக்கடைசல் தொழிலாளி டேனியல் மெக்நாட்டன். ஆளும் டோரி கட்சிக்காரர்கள் தன்னை விடாமல் துரத்துவதாக உறுதியாக நம்பினார். பிரதமர் ராபர்ட் பீலின் தனிச் செயலாளர் எட்வர்ட் டிரம்மண்டை நடுத்தெருவில் பின்னாலிருந்து சுட்டார். ஐந்து நாளில் டிரம்மண்ட் இறந்துபோனார்.

3/ கோர்ட்டில் டாக்டர்கள் வரிசையாக வந்து, இது மனநோயால் வந்த பிரமை என்று சாட்சி சொன்னாங்க. அதை மறுக்க அரசுத் தரப்பில் ஒரு டாக்டர்கூட இல்லை. ஜூரி குற்றவாளி இல்லை என்றது. நாடே கொதித்தது, விக்டோரியா ராணி உட்பட. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்டது. அவர்கள் தந்த பதில்தான் 'மெக்நாட்டன் விதிகள்'.

4/ அதன் சாரம்தான் 1860-ல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு. இப்போ பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. செயலைச் செய்த அந்த நேரத்தில், மனநோயால், தான் என்ன செய்கிறோம் என்றோ, அது தப்பு அல்லது சட்டவிரோதம் என்றோ அறிய முடியாத நிலையில் இருந்தால் அது குற்றம் ஆகாது. கவனிங்க, 'எனக்கு ஸ்கிசோஃப்ரினியா இருக்கு' என்று காட்டினால் மட்டும் போதாது. அந்த நேரத்து மனநிலையைக் காட்ட வேண்டிய பொறுப்பும் குற்றம் சாட்டப்பட்டவர் தலையில்தான்.

5/ சரி, ஜூரி விடுவித்த மெக்நாட்டன் வீட்டுக்குப் போனாரா? இல்லை. பெத்லம் மனநல விடுதியில் அடைக்கப்பட்டார். 1864-ல் புதிதாகத் திறந்திருந்த பிராட்மூருக்கு மாற்றினாங்க. 1865-ல் அங்கேயே இறந்தார். 'தப்பிச்ச' ஆள் 22 வருஷம் வெளியுலகைப் பார்க்கவில்லை.

6/ இப்போ தடயவியல் மனநல வார்டுக்கு வருவோம். அங்கே டாக்டர் முன்னாடி இருப்பது இரண்டு தனித்தனிக் கேள்விகள். ஒண்ணு: சம்பவத்தின்போது இவர் மனநிலை என்ன? ரெண்டு: இன்றைக்கு இவர் விசாரணையை எதிர்கொள்ள முடியுமா? தன் மேல் என்ன வழக்கு, ஜட்ஜ் யார், வக்கீல் எதுக்கு என்று புரியுதா? தன் வக்கீலிடம் நடந்ததைச் சொல்ல முடியுதா? குற்றவாளியா இல்லையா என்பதை டாக்டர் முடிவு பண்றதில்லை, அது கோர்ட் வேலை.

7/ ரெண்டாவது கேள்விக்கு 'முடியாது' என்று பதில் வந்தால் விசாரணை நிற்கும். குணமானதும் மறுபடி தொடங்கும். ஏட்டில் நல்ல ஏற்பாடுதான். குணமாகாத ஒருத்தரைக் கூண்டில் நிறுத்துவது நியாயமில்லையே. ஆனா 'குணமாகிட்டார்' என்ற ரிப்போர்ட்டை யாரும் படிக்கலைன்னா?

8/ மச்சாங் லாலுங். அசாம் கிராமத்துப் பழங்குடி மனிதர். 1951-ல், ஆயுதத்தால் ஒருவரைக் கடுமையாகக் காயப்படுத்தியதாகக் கைது. வயசு 23. கொலை வழக்குகூட இல்லை. தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பினாங்க. விசாரணை நடக்கவே இல்லை.

9/ 1967-ல் அவர் நலமாக இருப்பதாக மருத்துவமனை சான்று கொடுத்தது. அதுக்கப்புறமும் 38 வருஷம் காவலில்தான் இருந்தார். மனித உரிமை அமைப்புகள் விஷயத்தை வெளியே கொண்டுவந்த பிறகு, 2005-ல் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் வெளியே வந்தார். அப்போ வயசு 77. 54 வருஷம் உள்ளே இருந்திருக்கார். தீர்ப்பு மட்டும் வரவே இல்லை. 2007-ல் இறந்துபோனார்.

10/ இது ஒரே ஒரு ஆளின் துரதிர்ஷ்டம் இல்லை. 1982-லேயே வீணா சேத்தி வழக்கில், அன்றைய பீகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநோய் குணமான பிறகும் பல பத்தாண்டுகளாகக் கிடந்தவர்களை உச்ச நீதிமன்றம் விடுவித்தது. 1993-ல் ஷீலா பார்சே வழக்கில், குற்றமே செய்யாத மனநோயாளிகளை ஜெயிலில் வைப்பது அரசியலமைப்புக்கு விரோதம் என்றது. இந்த ரெண்டு தீர்ப்பும் வந்தபோது லாலுங் உள்ளேதான் இருந்தார்.

11/ இவங்களை அடைத்து வைத்தது ஒரு கொடுமைக்கார வில்லன் இல்லை. மருத்துவமனை தன் வேலை முடிந்தது என்று நினைக்கும். சிறை, கோர்ட் ஆர்டர் வரட்டும் என்று காத்திருக்கும். கோர்ட், ரிப்போர்ட் வரட்டும் என்று காத்திருக்கும். மூணு ஆபீசுக்கு நடுவில் ஒரு ஃபைல் தூங்கும். தேடி வர ஆளில்லாத ஏழைக்கு அதுவே ஆயுள் தண்டனை.

12/ பிறகு சட்டம் மாறியது. அதிகபட்ச தண்டனையில் பாதியை விசாரணைக் கைதியாகவே கழித்தவரை ஜாமீனில் விட வேண்டும் என்ற விதி 2006-ல் அமலுக்கு வந்தது (மரண தண்டனைக்குரிய வழக்குகள் தவிர). உள்நோயாளியாக இருக்கத் தேவையில்லாத, உறவினரோ நண்பரோ பொறுப்பேற்கும் மனநோயாளியை ஜாமீனில் விடவும் வழி வந்தது. 2017 மனநலச் சட்டம், மூணு மாசத்துக்கு ஒருமுறை மனநல சீராய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்பும்படி சிறை மருத்துவரிடம் சொல்லுது.

13/ ஆனா சட்டம் தானா நடக்காது. உங்க குடும்பத்திலோ தெருவிலோ யாராவது இப்படி வார்டில் இருந்தால், மூணு விஷயம் கேளுங்க: வழக்கு எண் என்ன? அடுத்த வாய்தா எப்போ? கடைசி மருத்துவ ரிப்போர்ட் கோர்ட்டுக்குப் போயிடுச்சா? பதில் சரியா வரலைன்னா மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க. காவலில் இருப்பவருக்கு அங்கே வக்கீல் இலவசம், மனநல மருத்துவமனைக் காவலுக்கும் இது பொருந்தும்.

14/ அடுத்த தடவை 'மெண்டல்னு சொல்லி தப்பிச்சிட்டான்' என்று யாராவது சொன்னால், இந்த ரெண்டு பேரையும் சொல்லுங்க. ஒருத்தரை ஜூரியே விடுவித்தது. இன்னொருத்தரை யாரும் விசாரிக்கவே இல்லை. ரெண்டு பேருமே தப்பிக்கலை.