காலிமுகத்திடலில் கோல்ஃப் ஆடினார்கள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு கோல்ஃப் பத்தி எழுதறியான்னு நீங்க கேக்கறது காதுல விழுது :-) காரணம் இருக்கு மக்களே. எங்க ஊர்ல இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கு. அங்கே பெரியவங்க கிட்ட கொழும்பு பத்திப் பேச்சு எடுத்தா காலிமுகத்திடல் வராம இருக்காது. (காலின்னா வெறுமைன்னு நினைச்சுடாதீங்க, அது தெற்கே இருக்கிற ஒரு ஊர்.) கடல், புல்தரை, பட்டம், இறால் வடை... அந்தத் திடல் ஒரு காலத்தில் கோல்ஃப் மைதானம்!

கடற்கரை கோல்ஃப் மைதானத்துக்கு 'லிங்க்ஸ்'னு பேர். (நாம பக்கத்துல போடற லிங்க் இல்லீங்க.) கடலுக்கும் விளைநிலத்துக்கும் நடுவே கிடக்கிற மணல்மேட்டைத்தான் ஸ்காட்லாந்துல அப்படிச் சொல்வாங்க. உழவுக்கு ஆகாது. மழைத்தண்ணி உடனே மணல்ல இறங்கிடும். தரை கெட்டியா இருக்கறதால பந்து தூரமா உருளும். ஆனா கடல்காத்து எந்தப் பக்கம் தள்ளும்னு சொல்ல முடியாது. மேடும் பள்ளமும் மனுஷன் வெட்டினதில்லை.

இதுக்கெல்லாம் தாய்வீடு செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே 1552லேயே பேராயர் ஹாமில்டன் ஒரு சாசனத்தில் அந்த நிலத்தின் மேல் ஊர் மக்களுக்கு இருந்த உரிமையை ஒத்துக்கிட்டார். பந்தாட்டமும் அதில் சேர்த்தி. பிற்பாடு, 1797ல், கடன்பட்ட நகர சபை நிலத்தைக் கைவிட, முயல் வளர்க்கறவங்களுக்கும் கோல்ஃப் ஆடறவங்களுக்கும் பெரிய சண்டை. கடைசியில் 1894ல் ஒரு சட்டம் மூலமா நிலம் திரும்பவும் ஊருக்கே வந்தது. 1754ல் பிறந்த புகழ்பெற்ற கிளப் பக்கத்துலயே இருக்கு. ஆனா மைதானம் அவங்க சொத்து இல்லை. இன்னிக்கும் பழைய மைதானத்தில் பொதுவா ஞாயித்துக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்னிக்கு ஊர்க்காரங்க நாயைக் கூட்டிக்கிட்டு அதுமேல உலாத்துவாங்க!

இப்ப கொழும்புக்கு வருவோம். எங்க மாவட்டத்துப் பழவேற்காட்டில் 1613ல் கோட்டை கட்டிய அதே டச்சுக்காரங்க 1656ல் கொழும்பைப் போர்த்துகீசியர் கிட்டேயிருந்து பிடிச்சாங்க. கோட்டைப் பீரங்கிக்கு முன்னால மறைப்பு இருக்கக்கூடாதுன்னு விட்ட வெட்டவெளிதான் காலிமுகத்திடல். ஆங்கிலேய கவர்னர் ஹென்றி வார்ட் 1859ல் அங்கே கடலோர நடைபாதையைக் கட்டி முடிச்சார். பெண்களும் குழந்தைகளும் காத்து வாங்கற இடம், இதைப் பார்த்துக்கணும்னு பின்னால வர்ற கவர்னர்களுக்குக் கல்வெட்டே வச்சார்.

1879ல் கொழும்பு கோல்ஃப் கிளப் பிறந்தது. ஆடினது இந்தத் திடலில்தான். வேலி போட முடியாத பொதுவெளி. 1896ல் கிளப் ஊருக்கு உள்ளே ரிட்ஜ்வேக்குக் குடிபெயர்ந்தது. 1928ல் 'ராயல்' பட்டமும் கிடைச்சது. களனிவெளி ரயில் பாதை அந்த மைதானத்துக்கு நடுவுல போகுதுங்கறது ஒரு வேடிக்கை.

கிளப் போச்சு, திடல் ஜனங்களுக்கு நின்னது. அதுதான் முக்கியம்னு எனக்குத் தோணுது. 1956 ஜூன் 5, தனிச்சிங்களச் சட்ட மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்த அன்னிக்கு, செல்வநாயகம் தலைமையில் தமிழ்த் தலைவர்கள் சத்தியாகிரகம் உட்கார்ந்து அடிவாங்கினது இங்கேதான். 2022ல் கோத்தபயவைத் துரத்திய போராட்டக் கூடாரங்கள் நின்னதும் இதே இடம். அந்த வருஷம் மே 18 அன்னிக்கு அதே இடத்தில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் நடந்தது, கஞ்சியும் கொடுத்தாங்க. அடிவாங்கிய இடத்திலேயே 66 வருஷம் கழிச்சு! இது ரிட்ஜ்வே மாதிரி கிளப் வளாகத்துக்குள்ள நடந்திருக்குமா?

லிங்க்ஸ் நிலத்தோட குணமே இதுதாங்க. எதுக்கும் உதவாததுன்னு விட்ட மணல், அதனாலேயே எல்லாருக்கும் உதவும். எங்க பழவேற்காட்டுக் கரையிலும் அப்படி மணல் கிடக்கு. அரசுக் காகிதத்தில் புறம்போக்கு, மீனவர்களுக்கு வலை காயவைக்கிற முற்றம். காட்டுப்பள்ளி துறைமுக விரிவாக்கத்தை அவங்க எதிர்த்தப்போ, சும்மா கிடக்கிற மணலுக்கு ஏன் இவ்வளவு சண்டைன்னு கேட்டவங்க உண்டு. செயின்ட் ஆண்ட்ரூஸ்காரங்க கிட்ட கேட்டா பதில் சொல்வாங்க. அவங்களும் மணலுக்குத்தானே சண்டை போட்டாங்க!