உதவித்தொகைக் கடிதமும் ஏப்ரல் 15-ஆம் நாளும்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டப் படிப்புக்கு முயல்பவர் டிசம்பரிலோ ஜனவரித் தொடக்கத்திலோ விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு, பிப்ரவரியையும் மார்ச்சையும் பதிலுக்காகக் காத்திருந்து கழித்து, வந்த வாய்ப்புகளுள் ஒன்றை ஏப்ரல் 15-க்குள் ஏற்பது இன்று அந்நாட்டுக் கல்வி ஆண்டின் ஒழுங்காகிவிட்டது. அந்த மாதங்களில் மாணவர் இடத்தோடு, ஐந்தாறு ஆண்டுகள் உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஆகும் பணத்தையும் சேர்த்தே எதிர்பார்க்கிறார். படிக்க இடம் தருவோரே வாழப் பணமும் தரும் ஏற்பாடு எவ்வாறு தோன்றியது என்பதை அறிந்தால்தான் அக்காத்திருப்பு ஏன் இவ்வளவு நீள்கிறது என்பதும், அது முடியும் நாளை நூற்றுக்கணக்கான பல்கலைக்கழகங்கள் ஏன் பொதுவாகக் குறித்துக்கொண்டன என்பதும் விளங்கும்.

19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உயராய்வை நாடிய அமெரிக்கர் ஜெர்மனிக்கே கப்பலேறினர். யேல் பல்கலைக்கழகம் 1861-இல் மூவருக்கு வழங்கியவையே அமெரிக்க மண்ணின் முதல் முனைவர் பட்டங்கள் என்றாலும், ஆய்வுப் படிப்பையே தன் முதற்பணியாகக் கொண்ட பல்கலைக்கழகம் 1876-இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் திறக்கப்பட்ட பின்னரே அங்கு உருவாயிற்று. அதன் முதல் தலைவரான டேனியல் காய்ட் கில்மன், கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பிப்பதே வழக்கமாக இருந்த நாட்டில், ஆண்டுக்கு 500 டாலர் வீதம் 'ஃபெல்லோஷிப்' என்னும் ஆய்வு நல்கையைக் கொடுத்து மாணவரை வரவழைக்கத் துணிந்தார். பத்துப் பேருக்கென்று எண்ணியிருந்த நல்கை, வந்த விண்ணப்பங்களின் தகுதியைக் கண்டு இருபதாக உயர்த்தப்பட்டது. பின்னாளில் மெய்யியலாளராகப் புகழ்பெற்ற ஜோசையா ராய்ஸ் அந்த முதல் அணியில் இருந்தவர். 1900-இல் 14 பல்கலைக்கழகங்கள் கூடி அமெரிக்கப் பல்கலைக்கழகச் சங்கத்தை நிறுவி, தம் பட்டங்களுக்கு ஐரோப்பாவில் மதிப்புத் தேட முனைந்தபோது, நல்ல மாணவரைப் பணம் கொடுத்து ஈர்க்கும் முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்தது.

அந்த நல்கை எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதை இவ்வரலாற்றில் மறைக்கக் கூடாது. கணிதமும் தருக்கமும் கற்ற கிறிஸ்டின் லாட் என்னும் பெண் 1878-இல் ஹாப்கின்ஸில் இடம் கேட்டபோது, அவருடைய எழுத்துகளை முன்னரே அறிந்திருந்த பேராசிரியர் ஜே. ஜே. சில்வெஸ்டர் அவருக்காக வாதாடியதால்தான் வகுப்பில் அமர முடிந்தது. நல்கைக்குரிய தொகையை அளித்த நிர்வாகம் நல்கையாளர் என்னும் பெயரை அவருக்கு அளிக்க மறுத்தது. 1882-இல் அவர் முனைவர் பட்டத்துக்கான தகுதிகள் அனைத்தையும் நிறைவு செய்தார். பட்டம் கைக்கு வந்தது 1926-இல், அவருடைய 78-ஆம் வயதில். சேர்க்கை முடிவுக்காகக் காத்திருந்தோர் பலர் உண்டு; முடித்த படிப்பின் பட்டத்துக்காக 44 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தவர் அவர். விலக்கு பாலினத்தோடும் நல்கையோடும் நிற்கவில்லை. ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் கல்வியியல் ஆய்வுக்கு நீதிமன்ற ஆணையால் 1948-இல் சேர்ந்த கறுப்பினத்தவரான ஜார்ஜ் மெக்லாரின், வகுப்பறையை ஒட்டிய சிற்றறையில் உட்கார வைக்கப்பட்டார். நூலகத்திலும் உணவகத்திலும் அவருக்குத் தனி மேசை ஒதுக்கப்பட்டது. உள்ளே விட்ட பின்பும் விலக்கி வைப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1950-இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விண்ணப்பிப்போர் தொகையும் அரசுப் பணமும் ஒருங்கே பெருகின. கார்னகி அறக்கட்டளையும் கிழக்குக் கரையின் நான்கு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய, முதுநிலைச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வு, 1948-இல் பிரின்ஸ்டனில் இருந்த கல்வித் தேர்வுப் பணியகத்தின் பொறுப்புக்கு வந்து நாடு முழுவதும் பரவியது. 1950-இல் தேசிய அறிவியல் அறக்கட்டளை தோன்றி, இரண்டே ஆண்டுகளில் மாணவர்க்கு நேரடியாக நல்கை தரத் தொடங்கியது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியதன் அதிர்ச்சியில், மறு ஆண்டே தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் மேலும் பல நல்கைகளைக் கொண்டுவந்தது. இளநிலை மாணவரின் விடைத்தாள் திருத்தி ஊதியம் பெறும் 'டீச்சிங் அசிஸ்டன்ட்' பணியும், பேராசிரியரின் ஆய்வுப் பணத்திலிருந்து ஊதியம் பெறும் 'ரிசர்ச் அசிஸ்டன்ட்' பணியும் பெருகிய காலமும் அதுவே. ஒரு துறை தன்னிடமுள்ள இத்தகைய இடங்களைக் கணக்கிட்டே மாணவரை அழைக்க வேண்டியிருந்தது. ஒருவர் பதில் சொல்லாமல் நிறுத்திவைத்த இடம் இன்னொருவருக்குப் போக முடியாது. எனவே மாணவரை விரைந்து ஒப்புக்கொள்ள வைக்கும் ஆசை ஒவ்வொரு துறைக்கும் இயல்பாக எழுந்தது.

அந்த ஆசையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு அதே நாட்டின் மருத்துவத் துறை கண்ணெதிரே சான்றாக நின்றது. பயிற்சி மருத்துவர்களைப் பிடிப்பதில் மருத்துவமனைகள் ஒன்றையொன்று முந்தியதால், 1940களின் நடுவில் படிப்பு முடிய இரண்டு ஆண்டுகள் இருக்கும்போதே மாணவரிடம் ஒப்புதல் கேட்கும் நிலை வந்திருந்தது. மாணவரைப் பற்றிய விவரங்களைக் குறித்த நாளுக்கு முன் வெளியிடுவதில்லை என்று 1945-இல் மருத்துவக் கல்லூரிகள் உறுதிபூண்டன. முந்துவது நின்றது, நெருக்குவது தொடங்கியது. யோசிக்கத் தந்த பத்து நாள் அவகாசம் ஆண்டுக்காண்டு சுருங்கி, 1949-க்குள் 12 மணி நேரமே மிகுதி என்று தள்ளப்படும் அளவுக்குப் போயிற்று. இதற்கு முடிவாக, மாணவரின் விருப்ப வரிசையையும் மருத்துவமனையின் விருப்ப வரிசையையும் ஒரு பொது அமைப்பிடம் கொடுத்துப் பொருத்திப் பார்க்கும் முறை 1952 முதல் நடைமுறைக்கு வந்தது. டேவிட் கேலும் லாயிட் ஷாப்லியும் 1962-இல் கல்லூரிச் சேர்க்கையைப் பற்றி எழுதிய கணிதக் கட்டுரையின் வழிமுறை அந்த ஏற்பாட்டோடு சாராம்சத்தில் ஒன்றுபடுவதை ஆல்வின் ராத் பின்னர் நிறுவினார். ராத்துக்கும் ஷாப்லிக்கும் 2012-இன் பொருளியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆய்வுப் படிப்பை நடத்துவோர் பொருத்திப் பார்க்கும் எந்திரத்தை நாடவில்லை. ஒரு நாளைக் குறித்துக்கொண்டதோடு நின்றார்கள். 1961-இல் அமைந்த முதுநிலைப் பள்ளிகள் மன்றத்தின் வழியே அந்தப் பத்தாண்டிலேயே உருவான தீர்மானம், நிதியுதவி வாய்ப்பு ஒன்றைப் பெற்ற மாணவர் ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்று கூறுகிறது. அவசரப்பட்டு ஒப்புக்கொண்டவரும் அந்த நாள் வரை எழுத்து மூலம் விலகிக்கொள்ளலாம். இதில் சட்டத்தின் கட்டாயம் எதுவும் இல்லை. கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்களின் சொல்லே இதன் பலம். நிதியுதவி இல்லாத வெறும் சேர்க்கைக்கு இத்தீர்மானம் பொருந்தாது என்பதைப் பல மாணவர் இன்றும் அறியாமல் இருக்கின்றனர். ஆயினும் வலிய துறையின் அவசரத்திலிருந்து எளியவரான மாணவரைக் காக்கும் ஏற்பாடாக அரை நூற்றாண்டுக்கு மேல் அது நின்றிருப்பது போற்றத்தக்கது.

அதன் பக்க விளைவு ஒன்றும் உண்டு. மூன்று இடங்களிலிருந்து அழைப்புப் பெற்றவர் ஏப்ரல் 14 வரை முடிவெடுக்காவிடில், அவர் விடப்போகும் இரண்டு இடங்களும் அதுவரை பூட்டியே கிடக்கும். காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் அப்பூட்டுத் திறக்கும் ஓசைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். ஒருவரின் மறுப்பு ஓரிடத்தை விடுவிக்க, அவ்விடத்தை ஏற்றவர் வேறோரிடத்தை விட, அது மூன்றாமவரைச் சேரும் சங்கிலி, பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று நாள்களில்தான் ஓடி முடிகிறது. போக விரும்பாத இடங்களுக்கு முன்கூட்டியே மறுப்பு எழுதிவிடுவதை நல்ல மாணவரின் கடமையாகப் பேராசிரியர்கள் சொல்லித்தருவதன் காரணம் இதுவே.

முடிவெடுக்கக் கிடைத்த இந்த அவகாசமே வளாகப் பார்வை என்னும் வழக்கத்துக்கும் இடமளித்தது. மாணவரை விரட்ட முடியாத துறைகள் அவரை விருந்தினராக அழைத்து, பயணச் செலவைத் தாமே ஏற்று, மனத்தைக் கவர முற்பட்டன. உயிரியல் துறைகள் பலவற்றில் முடிவுக்கு முன் நேர்காணலாகவும், இயற்பியல், கணிதம், கணினி அறிவியல் போன்றவற்றில் பெரும்பாலும் முடிவுக்குப் பின் மார்ச் மாத அழைப்பாகவும் இது நடைபெறுவதால், முன்னதில் மாணவர் தேர்வுக்கு உள்ளாகிறார், பின்னதில் அவரே தேர்ந்தெடுப்பவராகிறார். அரை மணி நேர அளவில் பேராசிரியர்களை ஒருவர் பின் ஒருவராகச் சந்திக்கும் அந்நாளுக்காக, அவர்களின் அண்மைக் கட்டுரைகளைப் படித்துச் செல்வதும், பட்டம் பெறச் சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது, கோடை மாதங்களில் ஊதியம் உண்டா, வழிகாட்டியை மாற்ற முடியுமா என்னும் கேள்விகளைக் குறித்து வைத்துக்கொள்வதும் ஆயத்தத்தின் பகுதிகளாயின. அனுபவமுள்ளோர் பலரும் வலியுறுத்துவது, பேராசிரியர் உடனில்லாத இரவு உணவின்போது அத்துறையில் ஏற்கெனவே படிக்கும் மாணவர் சொல்வதைக் கூர்ந்து கேட்க வேண்டும் என்பதையே.

சென்னையிலிருந்து விண்ணப்பித்தவர்க்கு அந்த விருந்து நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1965-இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பின் கிண்டிப் பொறியியல் கல்லூரியிலிருந்தும், 1959-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்தும் அமெரிக்கா செல்வோர் பெருகியபோது, அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு அவர்களின் காத்திருப்புக்கு வேறொரு கூர்மையைத் தந்தது. 1970களில் வெளிநாடு புறப்படுபவர் கையில் எட்டு டாலரே எடுத்துச் செல்ல முடிந்த நிலையில், விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டு முதலில் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. 'அட்மிஷன் வந்துவிட்டது, எய்ட் வரவில்லை' என்பது அக்காலத்தில் ஏறத்தாழ மறுப்புக்கு ஈடான செய்தி. ஏனெனில் படிப்புக் காலச் செலவுக்கு வழி உண்டென்று காட்டினால்தான், பல்கலைக்கழகம் அனுப்பும் ஐ-20 என்னும் சான்றுப் படிவத்தோடு அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா கேட்க இயலும். அமெரிக்காவுக்கு முன்னரே சென்றிருந்த சீனியர் எழுதிய வான்அஞ்சல் கடிதமே இவர்களுக்கு வளாகப் பார்வையாக இருந்தது: குளிர் எப்படி, வாடகை எவ்வளவு, எந்தப் பேராசிரியர் மாணவரை மதிப்பவர் என்பனவெல்லாம் அந்த நீலத் தாளின் மடிப்புகளில் நெருக்கி எழுதப்பட்டு வந்தன.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்று அமெரிக்க வளாகங்களை மூடியபோது, அவ்வாண்டின் பார்வை நாள்கள் ஒரே வாரத்துக்குள் கைவிடப்பட்டுக் கணினித் திரைக்கு மாறின. பாஸ்டனில் இருந்த மாணவரும் தாம்பரத்தில் இருந்த மாணவரும் ஒரே திரையில், ஒரே அளவுச் சிறு கட்டங்களில் அமர்ந்து, அதே பேராசிரியரிடம் அதே கேள்விகளைக் கேட்டனர். இந்திய நேரப்படி அப்போது பெரும்பாலும் நள்ளிரவு கடந்திருந்தது.