முந்திரிக்கு ஓர் எண்

ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்கு ஒரு மா என்பதைத் தஞ்சைத் தரணியில் உழுதுண்பார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இன்றும் நடவையும் அறுப்பையும் மாக்கணக்கிலேயே பேசுகின்றனர். மாவை நான்காக வகுத்தால் காணி. காணியை நான்காக வகுத்தால் முந்திரி. எனவே முந்திரி என்பது ஒன்றில் 320-இல் ஒரு பங்கு.

முதலாம் இராசராசன் 1010-ஆம் ஆண்டில் நிறைவு செய்த பெரிய கோயிலின் கல்வெட்டுகள் அந்த அளவோடும் நிற்கவில்லை. 'கீழ்' என்னும் சொல்லை இட்டு, முந்திரியையே மீண்டும் ஒன்றாகக் கொண்டு 320 கூறாக்கின. வேலியை இன்றைய வழக்கின்படி 6⅔ ஏக்கர் எனக் கொண்டால், அக்கூறு மூன்று சதுர அடிக்கும் குறைவானது! அத்துணை நுட்பமாக நிலம் கணக்கிடப்பட்டது.

ஓலைச்சுவடிகளில் இக்கூறுகளுக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. காலுக்கு வகரம் போன்ற குறி. திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடி வாயிலாக இவற்றை மனனம் செய்தனர். ஆங்கிலக் கல்வியும், 1957-இல் வந்த தசம நாணயமும், பின்னர் மெட்ரிக் அளவைகளும் அவ்வழக்கை ஒழித்தன. ஆனால் பழைய கணக்குகள் அழியவில்லை. அவற்றைப் படிப்போரே அருகினர்.

இப்பொழுது அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றுகின்றனர். கணிப்பொறிக்கு எழுத்தென்பது உருவம் அன்று, ஓர் எண். முன்பு அவரவர் தத்தம் எழுத்துருவில், வேறோர் எழுத்தின் எண்ணிலேயே காணிக்கும் மாவுக்கும் உருவம் வரைந்துகொண்டனர். அந்த எழுத்துரு இல்லாத உலாவியில் பார்த்தால் காணி இருக்க வேண்டிய இடத்தில் பொருந்தாத எழுத்தொன்று நிற்கும். நிலத்தின் அளவே மாறிப்போகும்.

2019 மார்ச்சில் வெளிவந்த யூனிகோடு 12.0 இக்குறையைத் தீர்த்தது. பின்னக்குறிகள் உட்பட 51 தமிழ்க் குறிகள் உலகப் பொது எண் பெற்றன. முந்திரியின் எண் 73,664. எந்த உலாவிக்கும் அவ்வெண் ஒன்றே. எனினும் அதற்குரிய எழுத்துரு கருவியில் இல்லையெனில், இன்றும் வெற்றுக் கட்டமே தோன்றும். எண்ணில் உடன்பாடு கண்டாயிற்று; உருவம் எல்லா இடத்தும் சென்று சேரவில்லை.

ஆதலின் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய பத்திரங்களைப் படியெடுப்போருக்கு ஒரு வேண்டுகோள். குறியை எழுதுங்கள், அதன் அருகே 'காணி', 'முந்திரி' என்று சொல்லாலும் எழுதுங்கள். குறி கட்டமாக மாறினாலும் சொல் நிற்கும். சோழர் கல்லிலே அளவைச் சொல்லாற் பொறித்தமையால் அன்றோ, ஆயிரம் ஆண்டுக்குப் பின்னும் அந்நிலத்தின் பரப்பை நாம் அறிகின்றோம்!