பெயர்கள் பல, வாசல்கள் பல: அக்கராயனுக்குப் போகும் வழி

1960களில் அக்கராயனில் பிறந்து இன்று ரொறன்ரோவிலோ இலண்டனிலோ வாழும் ஒருவர், ஊருக்கு ஒருதடவை போய்வர விசா விண்ணப்பத்தை நிரப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரது பழைய ஆங்கில ஆவணங்களில் பிறந்த நாடு 'சிலோன்'. விண்ணப்பத்தில் இருப்பதோ 'ஸ்ரீலங்கா'. தாயார் 'இலங்கை' என்று சொல்லி வளர்த்தார். புலம்பெயர் மேடைகளில் அவர் கேட்பது 'ஈழம்'. பேரப்பிள்ளை இவை நான்கு நாடுகளா என்று கேட்டால் வியப்பதற்கில்லை.

பெயர்க் கதை நீளமானது. கிரேக்கர் தப்ரபேன் என்றனர். அரேபியர் செரண்டிப் என்றனர். 1505இல் வந்திறங்கிய போர்த்துக்கீசர் வழங்கிய 'செய்லாவோ', ஒல்லாந்தர் வாயில் 'செய்லான்' ஆகி, ஆங்கிலேயரிடம் 'சிலோன்' ஆனது. 1948 பெப்ரவரி 4ஆம் திகதி அப்பெயருடனேயே நாடு சுதந்திரம் பெற்றது. 1972 மே 22ஆம் திகதி குடியரசு அரசியலமைப்பு அதனை 'ஸ்ரீலங்கா' ஆக்கியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 'சனநாயக சோசலிசக் குடியரசு' என்ற நீண்ட பெயரைச் சூட்டியது.

இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. தமிழில் பெயர் மாறவேயில்லை. அன்றும் இலங்கை, இன்றும் இலங்கை. அரச நிறுவனங்களின் பெயர்களிலிருந்து 'சிலோன்' என்ற சொல்லை நீக்குவதென 2011இல் அரசாங்கம் தீர்மானித்தபோதும் இலங்கை மின்சார சபையின் தமிழ்ப் பெயர்ப்பலகையில் திருத்துவதற்கு எதுவும் இருக்கவில்லை. ஈழம் என்ற பெயரும் புதியதன்று. சங்கப் புலவர் வரிசையில் ஈழத்துப் பூதன்தேவனார் இருக்கிறார். 1976ஆம் ஆண்டின் வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் பின்னரே 'தமிழீழம்' தனிநாட்டுக் கோரிக்கையின் பெயராக நிலைபெற்றது.

பெயரை விட மக்களை அலைக்கழித்தது அனுமதிப் பத்திரம்தான். ஒருகாலத்தில் கிளிநொச்சியில் ரயிலேறி, மதவாச்சியில் மாறித் தலைமன்னார் சென்று கப்பலேறினால் தனுஷ்கோடி. குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பர் முதலாம் திகதி நடைமுறைக்கு வந்ததும் அந்தப் பயணம் விசாவுக்குள் அடங்கியது. அதற்கு முந்திய ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டமோ, மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பத்தாண்டுகளின் பின்னரே முடிவாயிற்று.

1977 வன்செயலின் பின்னர் மலையகத்திலிருந்து இடம்பெயர்ந்த பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து கிளிநொச்சி மாவட்டக் காடுகளை வெட்டிக் கழனியாக்கின. மலையகத் தமிழரில் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் பயணப்படாதோர் பல்லாயிரவர். 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அவர்களது வதிவிட விசாக்கள் காலாவதியாகின. பிறந்த மண்ணிலேயே விசா முடிந்த வெளிநாட்டவராக அவர்கள் வாழ்ந்தனர். இந்நிலையைச் சீராக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது.

வன்னிக்குள்ளும் வாசல்கள் இருந்தன. 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர் ஏ9 வீதி திறக்கப்பட்டபோது, அக்கராயனிலிருந்து வவுனியா போகிறவர் ஒரே பயணத்தில் புலிகளின் சாவடியையும் ஓமந்தையில் இராணுவத்தின் சாவடியையும் கடந்தார். இரண்டிலும் பரிசோதனை, இரண்டிலும் கேள்விகள். வெளியேறப் புலிகளின் 'பாஸ்' வேண்டியிருந்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டதும் அந்தப் பாஸ் கிடைப்பது அரிதாயிற்று. குடும்பங்கள் இதனால் பிரிந்தன என்பதை மறைப்பதற்கில்லை. 2008இல் போர் நெருங்க அக்கராயன் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். போர் முடிந்ததும் ஏறத்தாழ மூன்று இலட்சம் வன்னி மக்கள் முட்கம்பிக்குள் அடைபட்டனர். அவர்களுக்கு வெளியே போய்வரும் அனுமதி 2009 டிசம்பரில்தான் கிடைத்தது. வேலிக்கு உள்ளே இருந்தோரும் வெளியே காவல் நின்றோரும் ஒரே நாட்டின் பிரசைகள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடன் வருவோருக்கும் வாசல் எளிதாக இருக்கவில்லை. விசா பெற்றுக் கட்டுநாயக்காவில் இறங்கியவர்கள் வடக்கே செல்லப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியையும் பெறவேண்டும் என்ற விதி, 2011இல் தளர்த்தப்பட்டு, 2014 ஒக்டோபரில் மீண்டும் வந்து, ஆட்சி மாறிய 2015 ஜனவரியில் நீக்கப்பட்டது. அதாவது, நாட்டுக்குள் நுழைய விசா போதும். பிறந்த ஊருக்குள் நுழைய அது போதவில்லை.

பேரப்பிள்ளையின் கேள்விக்கு விடை சொல்வது சுலபம்: நாடு ஒன்று, பெயர்தான் பல. ஆனால் அம்மப்பாவின் பெட்டியில் ஏன் இத்தனை காகிதங்கள் என்று கேட்டால் இந்த வரலாறு முழுவதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தப் பிறப்புச் சான்றிதழையும் பழைய கடவுச்சீட்டையும் மங்கிய பாஸ் துண்டையும் குப்பையென்று வீசிவிடாதீர்கள். அக்கராயனைப் போன்ற ஊர்களைப் பற்றிப் புத்தகங்கள் குறைவு. அந்தக் காகிதங்களே எமது ஆவணக் காப்பகம்.